தொட்டியிடம் சொன்னது

அந்த வருடம் அண்ணன் தம்பி பட்டறையிலிருந்து வெளியே போன ஸ்பீக்கர்களில் பாதிக்குமேல், வாங்கியவர்களைக் குத்திக்காட்டிப் பேசின. பாட்டு ஓடும்போது ஒன்றும் இல்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் சின்ன இடைவெளியில் காகிதம் உரசுவது மாதிரி ஒரு கரகரப்பு எழும். காதைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டு கேட்டால், ஒரு பெண் குரல், "சில பேருக்கு எவ்வளவு சொன்னாலும் உறைக்காது" என்று சொல்வது தெரியும். இன்னொரு ஸ்பீக்கரில் வேறொரு பெண், "செய்யறதையும் செஞ்சுட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி நிக்கறதைப் பாரு" என்பாள். பெயர் சொல்லாத பேச்சு என்பதால் கேட்ட ஒவ்வொருவரும் தன்னைத்தான் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? வெட்டிய துணியில் மிச்சம் பிடித்துக்கொள்ளும் தையல்காரர், கடையில் புது ஸ்பீக்கர் மாட்டிய வாரத்திலேயே துண்டுத் துணிகளை மடித்து உரியவர்களிடம் கொடுக்க ஆரம்பித்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், "ஒரு துரும்பைக் கிள்ளிப் போடறதில்ல, வாய் மட்டும் எட்டு ஊருக்கு" என்று கேட்ட அன்றே எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்த்தார். பல் டாக்டரின் காத்திருக்கும் அறையில் ஸ்பீக்கர், "சொல்றது ஒண்ணு, செய்யறது ஒண்ணு" என்றபோது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். இதை ஊரில் யாரும் பெரிய அதிசயமாகப் பேசவில்லை. அந்த வருடம் குழாயில் தண்ணீர் கலங்கலாக வந்தது, பஸ் டிக்கெட் ஏறியது, ஸ்பீக்கர்கள் குத்திப் பேசின.

பட்டறை ஒரு நீளக் கட்டடம். நடுவில் வேலை நடக்கும். தெருமுனையில் அண்ணன் வீடு, பின்முனையில் தம்பி வீடு. அண்ணனை எல்லோரும் காதுக்காரர் என்பார்கள். காது பெரிது என்பதற்காக அல்ல, பெரிதுதான், ஆனால் அதற்காக அல்ல. எந்த ஸ்பீக்கரையும் ஒரு தடவை கேட்டுவிட்டு எங்கே கோளாறு என்று விரலை வைத்துவிடுவார். தம்பி வெளிவேலை பார்ப்பவர், வாயால் பிழைப்பவர். இருவர் மனைவிமாரும்தான் உண்மையில் ஸ்பீக்கர் செய்தவர்கள். ஸ்பீக்கரின் முகத்தில் புனல்போலக் குழிந்திருக்கும் காகிதத்தைத் தொழிலில் கோன் என்பார்கள். பழைய காகிதத்தை ஊறவைத்து, அடித்துக் கூழாக்கி, கம்பிவலை அச்சில் முகந்து, நீர் வடித்துச் சூட்டில் உலர்த்தினால் அதுதான் கோன். மூத்தவள் தொட்டியில் கூழ் கிண்டுவாள். இளையவள் எதிர்ப்பக்கம் நின்று அச்சில் முகப்பாள். நல்ல கோன் என்பது நடுவிலிருந்து ஓரம்வரை ஒரே ஆளாக முன்னே போய், ஒரே ஆளாகப் பின்னே வரவேண்டும். நடு ஒரு பக்கம் போக, ஓரம் தன்பாட்டுக்கு ஆடினால், பாட்டில் இல்லாத சத்தம் பாட்டில் சேர்ந்துவிடும். காதுக்காரர் அதற்கு வேண்டாத நடுக்கம் என்று பெயர் வைத்திருந்தார். கோன் செய்வது பாதி வேலை, வேண்டாத நடுக்கத்தை அடக்குவது மீதி வேலை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். தன் வீட்டைப் பற்றி அவர் அப்படிச் சொன்னதில்லை.

சிமெண்டுத் தொட்டி அது, இடுப்பளவு உயரம். அடியில் ஒரு மரக்கட்டையை அடித்துத் துவாரத்தை அடைத்திருந்தார்கள். அந்தக் கட்டையை யாரும் பிடுங்கியதில்லை. தயிருக்கு உறை ஊற்றுவதுபோல, பழைய கூழின் மேல்தான் புதுக் கூழைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இழை பிடிக்காது என்பது இறந்துபோன மாமனார் சொல்லிவிட்டுப் போனது. எனவே தினமும் கொஞ்சம் மிச்சம் வைப்பார்கள். கரண்டி எட்டாத ஆழத்தில் அது கெட்டிப்பட்டு, வருடத்துக்கு ஒரு விரல்கடை அளவில் ஏறிக்கொண்டே வந்தது.

மூத்தவளுக்குக் குழந்தை இல்லை. இளையவளுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தாலும் வீட்டில் குட்டி. பெற்றவள் இளையவள், வளர்த்தவள் மூத்தவள் என்று தெருவே சொல்லும். குட்டிக்கு மூன்று வயது நடக்கும்போது பட்டறை ஈரத்தில் வழுக்கி விழுந்து, அச்சின் விளிம்பில் பட்டுப் புருவம் பிளந்துவிட்டது. அப்போது பக்கத்தில் இருந்தவள் மூத்தவள். சத்தம் கேட்டு ஓடிவந்த இளையவள், பிள்ளையின் முகத்தில் ரத்தத்தைப் பார்த்த பதற்றத்தில், "பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டாள். இரண்டே சொல். டாக்டர் போட்ட தையல் பத்து நாளில் ஆறிவிட்டது. சொல் ஆறவில்லை.

அன்றிலிருந்து ஓரகத்திகள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதை விட்டார்கள். ஆனால் ஒரே தொட்டியின் இரண்டு பக்கமும் நின்று வேலை செய்கிறவர்கள் பேசாமல் எப்படி இருப்பது? எனவே ஜாடை. மூத்தவள் கூழைப் பார்த்து, "தண்ணி போதுமான்னு யாராவது பாத்தா தேவலை" என்பாள். இளையவளும் கூழையே பார்த்து, "கண்ணு இருக்கறவங்களுக்குத் தெரியும்" என்பாள். இதில் ஆரம்பித்து, துவைக்கிற கல், மாமியார் விட்டுப்போன பித்தளை அண்டா, யார் வீட்டு விருந்தாளிக்கு யார் எழுந்து நிற்கவில்லை என்று பேச்சு வளரும். இருவரும் தலை நிமிர மாட்டார்கள். சொல்கிறவளும் தொட்டிக்குத்தான் சொல்வாள், பதில் சொல்கிறவளும் தொட்டிக்குத்தான் சொல்வாள். ஜாடை என்பது மனிதர்களுக்குப் புரியும்; கூழுக்கு அந்தச் சூட்சுமமெல்லாம் தெரியுமா, பாவம். எல்லாம் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் உள்ளே வைத்துக்கொண்டது. குட்டி பள்ளிக்கூடம் போனாள், பாவாடையிலிருந்து சுடிதாருக்கு மாறினாள், பெரியம்மாவைவிட ஒரு தலை உயர்ந்தாள். அடிக்கூழ் ஏறி ஏறி, குட்டிக்குப் பதினேழு வயதான வருடம், இளையவளின் அச்சு முங்குகிற மட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு முகந்த ஒவ்வொரு கோனும் பேசியது.

ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள். திருப்பிக் கொடுங்கள், மாற்றித் தருகிறோம் என்று தம்பி வீடு வீடாகப் போய்க் கேட்டும், பஸ் டிரைவரின் மனைவி ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு தரவே மாட்டேன் என்றுவிட்டார். ஆனால் பட்டறை ஊரை நம்பி இல்லை. பெரிய கம்பெனி ஒன்று இவர்களிடம் ஸ்பீக்கர் வாங்கித் தன் பெட்டிகளில் பொருத்தி வெளியூர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அங்கிருந்து சரக்கு அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகத் திரும்பி வந்தது. நடுக்கத்தை எடுங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். தம்பிக்கு வாய் இருந்ததால் வழியும் இருந்தது: தூரத்து நகரம் ஒன்றில் ஒரு கடைக்காரர் அவரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார். பட்டறை மூடினால் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவதாக அண்ணனிடம் சொன்னார். அண்ணன் சாப்பிடும்போது அதை மூத்தவளிடம் சொன்னார். அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, குட்டியுமா என்று கேட்டாள். கேட்டது முட்டாள்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. குட்டி அவளோடு நெருக்கமாக ஒன்றும் இருக்கவில்லை. வழியில் பார்த்தால் பெரியம்மா என்று சிரிப்பாள், அம்மா கொடுத்தனுப்பியதைக் கொடுப்பாள், போய்விடுவாள். ஆனாலும் அந்தச் செருப்புச் சத்தம் பட்டறையைக் கடந்து போவதைக் கேட்பதற்காகத்தான் தான் தினமும் எழுந்திருக்கிறோம் என்பது மூத்தவளுக்கு அன்று உறைத்தது. பாயில் படுத்து, சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள்.

காதுக்காரர் தனக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் பார்த்தார். கோனை மல்லாக்கப் படுக்கவைத்து, மேலே முகப்பவுடர் தூவி, அதன் வழியே அடித்தொண்டையிலிருந்து உச்சிவரை ஒரு நாதத்தை மெதுவாக ஏற்றுவார். நல்ல கோனில் பவுடர் முழுவதும் ஒரே சீராக எழுந்து விழும். இதில் அது இரண்டு கோடாகக் கூடி, உதடுகளாகித் திறந்து மூடியது. மேலுதட்டில் மச்சம் விழுந்த இடம்வரை அது தன் மனைவியின் வாய்தான் என்று அவருக்குத் தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நெடுநாள் குடும்பம் நடத்தியவர்களுக்கு அந்தக் கலை கைவந்திருக்கும். ரப்பரைக் கரைத்துக் கறுப்புப் பசை காய்ச்சி, கோனில் வளையமாகப் பூசினார். நக்கலான உச்சக்குரல் அடங்கியது. கீழேயிருந்து பெருமூச்சுகள் கேட்டன. கோனைத் தடிப்பாக்கினார். பெருமூச்சு நின்றது, பாட்டும் கனத்த ரஜாய்ப் போர்வைக்குள் இருந்து வருவதுபோல ஆனது. ஓரத்துத் துணியை மாற்றினார். கூழில் கம்பளி நூலைச் சேர்த்தார். அந்தக் கோன்கள் எதையும் தெளிவாகச் சொல்லாமல் நாள் முழுக்க மூக்கை உறிஞ்சின, அது இன்னும் மோசமாக இருந்தது.

கடைசியில் கம்பெனி ஓர் எஞ்சினியர் பெண்ணை அனுப்பியது. ஒல்லியான பெண், முதுகில் பை, பைக்குள் மீட்டர். வந்ததும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, காதுக்காரர் செய்து பார்த்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, எல்லாம் சரியான வழிதான் என்று ஒப்புக்கொண்டாள். பிறகு திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். மலைத்தொடர்போல ஓடிய கோட்டில் ஓரிடத்தில் மட்டும் ஒட்டகத் திமில் மாதிரி ஒரு மேடு.

"இந்த மேடு பசையால போகாது சார். இது மேல வந்து சேந்தது இல்ல, கூழ்லயே இருக்கு" என்றாள். தொட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து, குனிந்து காதை வைத்துக் கேட்டாள். பிறகு, உப்பு அதிகமா என்று கேட்கிற குரலில், "கூழ்கிட்ட யாராவது பேசறீங்களா?" என்று கேட்டாள்.

தம்பி கூரையைப் பார்த்தார். மூத்தவள் தன் கரண்டியைப் பார்த்தாள், இளையவள் தன் அச்சைப் பார்த்தாள்.

"பேசினா இப்படித்தான் ஆகும். ஒண்ணு, பேசறத நிறுத்துங்க. இல்ல, தொட்டிய காலி பண்ணிட்டுப் புதுசா ஆரம்பிங்க. மாசக் கடைசியில வந்து பாக்கறேன். அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

தொட்டியைக் காலி செய்வது என்ற பேச்சுக்கே மூத்தவள் இடம்கொடுக்கவில்லை. உறை இல்லாமல் கூழ் பிடிக்காது, மாமா சொன்னது பொய்யா என்றாள். உண்மைக் காரணம் வேறு. இத்தனை வருடம் தன் மனசில் கிடந்ததை அவள் கணவரிடம் சொன்னதில்லை, கடவுளிடமும் சொன்னதில்லை, தொட்டியிடம்தான் சொல்லியிருக்கிறாள். அதைச் சாக்கடையில் கொட்டச் சொன்னால்? ஆகவே முதல் யோசனைப்படி இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு முனகல்கூட இல்லாமல், கிண்டினார்கள், முகந்தார்கள். அப்படி வந்த கோன்கள் எதையும் குத்திப் பேசவில்லை. வேறு எதையும் பேசவும் இல்லை. காதுக்காரர் ஒன்றை மாட்டிப் பாட்டைப் போட்டார். கோன் அசையாமல் அந்தப் பாட்டை முழுங்கியது. பக்கத்தில் ஓடிய மின்விசிறியின் சத்தத்தையும் முழுங்கியது. அவர் சுத்தியலால் மேசையைத் தட்டிப் பார்த்தார், சத்தமே வரவில்லை. அந்தக் கோனை எடுத்துத் துணியில் சுற்றி வெளியே வைத்த பிறகுதான் அவருக்குத் தன் மூச்சுச் சத்தம் திரும்பிக் கேட்டது. "பேசாம இருக்கறது பேசறதவிட மோசமா இருக்கே" என்றார், யாரையும் பார்க்காமல்.

மாதக் கடைசி வந்தது. எஞ்சினியர் பெண் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தாள். காலையில் சகோதரர்கள் இருவரும் கம்பெனி முகவரைப் பார்த்துக் கெஞ்சப் போயிருந்தார்கள். கெஞ்சுவதற்குத் தம்பி, தலையாட்டுவதற்கு அண்ணன். பின்முனை வீட்டில் சாமான்கள் பாதி கட்டியாகிவிட்டது. கயிறு இழுக்கும் சத்தமும், பெட்டியை நகர்த்தும் சத்தமும், குட்டி என்னவோ கேட்பதும், சுவரைத் தாண்டி மூத்தவளுக்குக் கேட்டது. பட்டறையில் ஊறப்போடாத காகிதம் கடைசி மூட்டை மட்டும் மிச்சம். அவள் தொட்டியின் முன்னால் கரண்டியோடு நின்றாள். இளையவள் வந்து எதிர்ப்பக்கம் நின்றாள். எத்தனையோ வருடப் பழக்கம். கிளம்பப்போகிற அன்றும் கால் இங்கேதான் கொண்டுவந்து நிறுத்துகிறது.

மூத்தவள் கரண்டியைச் சுவரில் சாத்தினாள். இந்தத் தொட்டியில் கிடப்பது பெரிதா, அந்தச் செருப்புச் சத்தம் பெரிதா என்று அவள் முந்தின நாளெல்லாம் யோசித்து முடித்திருந்தாள். குந்தி உட்கார்ந்தாள். மரக்கட்டையைப் பிடித்து ஆட்டினாள். அது அசையவில்லை. காதுக்காரரின் சுத்தியலை எடுத்துவந்து பக்கவாட்டில் நாலு போடு போட்டாள், இரண்டு கையாலும் பிடுங்கினாள். கட்டை கையோடு வந்தது. அவள் பின்னால் சாய்ந்து ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

துவாரம் அடியில் இருந்ததால், முதலில் வெளியே வந்தது அடிக்கூழ். சாம்பல் நிறத்தில், கெட்டியாக, தயங்கித் தயங்கி வந்தது. அதோடு பேச்சும் வந்தது. மூத்தவள் வசவு வரும் என்று காத்திருந்தாள். எந்த அண்டா, எந்தக் கல், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் வந்தது அவளுடைய இளவயதுக் குரல், அழுகையில் உடைந்து: "நான் பெறலதான். ஆனா அவ விழுந்தப்ப என் உயிரு போய்ட்டு வந்துச்சே, அத யாரு பாத்தா?" இதைச் சொன்னதை அவள் மறந்தே போயிருந்தாள். கூழ் கொஞ்சம் ஓடியது. பிறகு இன்னொரு குரல். அதே நாள், பட்டறையில் யாரும் இல்லாத நேரத்தில் வந்து தொட்டிமேல் சாய்ந்துகொண்டு யாரோ சொன்னது. "அக்காவப் பாத்து அப்படி ஒரு வார்த்தை சொல்லிட்டேனே. என் நாக்கு அழுகிப்போக. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்க முன்னாடி நிப்பேன்?"

மூத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு வருடத்தில் முதல்முறையாக எதிரே நிற்பவளின் முகத்தை நேராகப் பார்த்தாள். இளையவளுக்கு முன்நெற்றியில் நரைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. எப்போது நரைத்தது என்று தெரியாமல் தான் இவளோடு ஒரே தொட்டியில் நின்றிருக்கிறோம் என்று மூத்தவள் நினைத்தாள்.

"இத என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி" என்றாள்.

"சொல்லத்தான் வந்தேன்." இளையவள் அச்சைக் கையில் பிடித்தபடியே பேசினாள். "அன்னிக்கு சாயங்காலமே வந்தேன். கால்ல விழணும்னுதான் வந்தேன். நீங்க இங்க கிண்டிக்கிட்டு இருந்தீங்க. குட்டி தலையில கட்டோட வந்து உங்க கால்கிட்ட நின்னா. தூக்குன்னு ரெண்டு கையையும் மேல நீட்டிக்கிட்டு நின்னா. எவ்வளவு நேரம் நின்னா தெரியுமா? நீங்க கரண்டிய விடல. திரும்பிக்கூடப் பாக்கல. அவளா கைய எறக்கிக்கிட்டா."

கூழ் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது வசவுகள் வர ஆரம்பித்திருந்தன, ஒன்றன்மேல் ஒன்றாக. இருவரில் யாரும் அதைக் கேட்கவில்லை.

"என்னைத் திட்டியிருக்கலாம் அக்கா. நாலு அறை விட்டிருக்கலாம், வாங்கிக்கிட்டிருப்பேன். அவ என்ன பண்ணா? அதுக்கப்புறம் ஒரு நாளாவது அவளத் தூக்குனீங்களா?"

மூத்தவள் ஈரத்தில் உட்கார்ந்தபடியே தன் முழங்காலைப் பார்த்தாள். திரும்பிப் பார்க்கவில்லை என்பது சரிதான். ஆனால் அந்தக் கைகள் அங்கே இருந்தது அவளுக்குத் தெரியும். முழங்கால் பக்கத்தில், சேலையில் படாமல், காற்றில் நின்ற கைகள். அன்று ஒரு நொடி குனிந்திருந்தால் போதும். குனிந்தால் தான் தோற்றுப்போவோம் என்று நினைத்தாள். தன்னைச் சுட்டவளைத் திருப்பிச் சுடுவதற்கு அந்த வீட்டிலேயே தன்மீது உயிராக இருந்த ஒரே ஆளை அவள் எடுத்துக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள். "அவ நின்னது தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன். உன் மேல இருந்த கோவத்த அந்தப் பச்சப்புள்ள மேல காட்டினேன். நான் பண்ணது பாவம்." பிறகு, இத்தனை பேச்சுக்கும் அடியில் கிடந்தது தானாக வெளியே வந்தது. "குட்டியக் கூட்டிக்கிட்டுப் போயிடாத. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

இளையவள் அச்சைக் கீழே வைத்தாள். தொட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். நாலு எட்டுத் தூரம்தான், ஆனால் இத்தனை வருடமாக அந்தப் பக்கம் அவள் வந்ததே இல்லை. ஈரத்தில் மூத்தவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். "ஸ்பீக்கர் பேசுதுங்கறதுக்காகவா நாங்க கிளம்பறோம்? நீங்க பேசலன்னுதான் கிளம்பறோம்" என்றாள். இருவரும் அழுதார்கள். மூக்கைச் சிந்தினார்கள். கூழ் கடைசியாக ஒரு கொப்புளம் விட்டுத் தீர்ந்தது. தொட்டியின் அடி வெளுப்பாக, யாரோ கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது.

அப்போது குட்டி பின்வாசலில் வந்து நின்றாள். கையில் கட்டுக்கயிறு. "பெரியம்மா, வெளிய சாக்கடை திட்டிக்கிட்டே ஓடுது. நாயெல்லாம் குலைக்குது. என்ன ஆச்சு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத்தான், அம்மாவும் பெரியம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

மூத்தவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். குட்டியிடம் போய், அண்ணாந்து பார்த்தாள். புருவத்துத் தையல் கோடு அவ்வளவு உயரத்துக்குப் போயிருந்தது. இரண்டு கைகளையும் நீட்டி, "வா" என்றாள்.

குட்டிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. "பெரியம்மா, நான் கனமா இருப்பேன்" என்றாள், சிரிக்கப்போய் முடியாமல்.

"அத நான் பாத்துக்கறேன்."

குட்டி அம்மாவைப் பார்த்தாள். இளையவள், "போ" என்றாள். மூத்தவள் குனிந்து, பதினேழு வயதுப் பெண்ணின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். அவள் லேசாக எழும்பி, பெரியம்மாவின் இடது இடுப்பில் வந்து உட்கார்ந்தாள். மூன்று வயதில் என்ன கனமோ அதே கனம். கால்கள் எப்படியும் தரையில் இழுபட்டிருக்க வேண்டும், இழுபடவில்லை. ஒரு கையைப் பெரியம்மாவின் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சற்று நேரத்தில் தலையையும் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

வேலை கிடந்தது. கடைசி மூட்டைக் காகிதத்தைப் பிரித்து ஊறப்போட்டார்கள். உறை இல்லாமல் கூழ் பிடிக்குமா என்று மூத்தவள் கேட்டாள்; பிடிக்கும் அக்கா, பிடிக்காட்டி இன்னும் கொஞ்சம் அடிப்போம் என்றாள் இளையவள். தண்ணீர் போதுமா என்று ஒருவரையொருவர் பார்த்துக் கேட்டுக்கொண்டார்கள். குட்டிக்கு எண்ணெய் வைத்து நாளாகிவிட்டது என்பதைப் பற்றிப் பேசினார்கள். மூத்தவள் வலது கையால் கிண்டினாள், இளையவள் முகந்தாள், குட்டி இடுப்பில் இருந்தபடியே கைக்கு எட்டிய அச்சுகளை எடுத்துக்கொடுத்தாள். கூழ் பிடித்தது. யாரும் அதனிடம் ஒன்றும் சொல்லாததால் அது வெறும் கூழாக இருந்தது.

சகோதரர்கள் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். வழி குறுகலாக இருந்ததால், மனைவியையும் அவள் இடுப்பில் இருந்தவளையும் இடிக்காமல் காதுக்காரர் பக்கவாட்டில் திரும்பி நடந்துபோனார். தம்பி வாசலில் நின்று, எதையோ சொல்ல ஆரம்பித்து, அதைவிட நல்ல யோசனையாக, கட்டின சாமான்களை அவிழ்க்கப் போனார். உலர்ந்த கோனைக் காதுக்காரர் படுக்கவைத்துப் பவுடர் தூவி நாதத்தை ஏற்றினார். பவுடர் முழுவதும் ஒரே மட்டமாக எழுந்தது, ஒரே மட்டமாக விழுந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். நான் காய்ச்சின பசை இப்போதுதான் சரியான பதத்துக்கு வந்திருக்கிறது என்று அறிவித்தார். அந்த ரகசியப் பசையைப் பற்றி இன்றைக்கும் அவர் வருகிறவர்களிடம் சொல்கிறார். பெண்கள் இருவரும் ஆமாம் என்கிறார்கள்.

எஞ்சினியர் பெண் சொன்னபடி வந்தாள். செருப்பை வாசலில் விட்டாள். மீட்டரைப் பொருத்தி, தாழ்வு முதல் உச்சிவரை அளந்தாள். மேடு இருந்த இடத்தில் கோடு சாதாரணமாக ஓடியது. ஒரு பாட்டைப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டாள். பாட்டு முடிந்து இடைவெளி வந்தபோது, இடைவெளி மட்டும்தான் இருந்தது. சரக்கை அனுப்பலாம் என்று காதுக்காரரிடம் சொல்லிவிட்டு, ஒயர்களைச் சுருட்டிப் பையில் வைத்தாள். வெளியே போகும்போது தொட்டிப் பக்கம் நின்றாள்.

"எப்பத்துலேருந்து தூக்கி வச்சிருக்கீங்க?" என்று மூத்தவளிடம் கேட்டாள்.

"காலையிலேருந்து."

"ஒரே பக்கம் வச்சிருந்தா வலிக்கும்மா. இடுப்ப மாத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பைத் தேடிப் போனாள்.

மூத்தவள் இடுப்பை மாற்றிக்கொண்டாள்.